உதவி செய்ய ஒரு பர்மிட்

அமெரிக்காவின் ஃப்ரீமான்ட் நகரத்து மௌரி அவென்யூவில், இந்திய மளிகைக் கடை ஒன்றின் மாடியில் ஹம்சாவின் துப்பறியும் ஆபீஸ் இருந்தது. கீழே பெருங்காயம் வந்திறங்கும் நாட்களில் எல்லா கேஸும் ஒரே வாசனை அடிக்கும். கணவன் மேல் சந்தேகப்பட்டு வருகிற பெண்கள்கூட, பேச்சை முடித்ததும் கீழே இறங்கி ஒரு டப்பா வாங்கிக்கொண்டுதான் போவார்கள்.

அன்று வந்திருந்தவள் தாமரைச்செல்வி. வார நாட்களில் சிப் டிசைன் இன்ஜினியர். சனிக்கிழமைகளில் முப்பது தமிழர்களைக் கூட்டிக்கொண்டு போய், கைவிடப்பட்ட ஒரு பாதரசச் சுரங்கத்தைச் சுத்தம் செய்கிறவள்.

"மீனெல்லாம் செத்துப்போச்சு, ஹம்சா" என்றாள்.

"குழம்புக்கா, வறுவலுக்கா?" என்றான் முகுந்த்.

முகுந்த் ஹம்சாவின் அசிஸ்டென்ட். ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பிழை கண்டுபிடிக்கிற வேலையில் இருந்தவன். கம்பெனி அவனையே பிழை என்று கண்டுபிடித்து அனுப்பிய பிறகு இங்கே வந்து சேர்ந்தான்.

"அவனை விடு. முதல்லேர்ந்து சொல்லு" என்றாள் ஹம்சா.

தாமரைச்செல்வி சொன்னாள். சான் ஹோசேக்குத் தெற்கே மலைக்குள் இருக்கிறது அந்தச் சுரங்கம். தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பாதரசம் தேவைப்பட்ட தங்க வேட்டைக் காலத்தில் தோண்டியது. லாபம் தீர்ந்ததும் முதலாளிகள் அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அதன் வாயிலிருந்து ஆரஞ்சு நிறத்தில், அமிலமாக, இன்றும் தண்ணீர் கசிந்து ஓடையில் கலக்கிறது.

"இத்தனை வருஷமா யாரும் ஏன் க்ளீன் பண்ணலை?" என்றான் முகுந்த்.

"தொட்டா மாட்டிக்குவோம். பழைய சட்டப்படி, நல்லது பண்ணப் போய்த் தொட்டவனும் அந்த அழுக்குக்குப் பொறுப்பு."

"ரோட்ல அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனவனையே ஸ்டேஷன்ல உட்கார வைக்கிற மாதிரி."

"அதேதான். இப்ப புதுசா ஒரு சட்டம் வந்திருக்கு. அந்தச் சுரங்கத்தோட எந்தச் சம்பந்தமும் இல்லாதவங்க, பர்மிட் வாங்கிட்டு க்ளீன் பண்ணலாம். பழைய பாவம் நம்ம தலையில விழாது. நாடு முழுக்கப் பதினஞ்சு பர்மிட்தான். அதுல ஒண்ணு எங்க டீமுக்குக் கிடைச்சுது, ஹம்சா. நான் மூணு நாள் தூங்கலை, சந்தோஷத்துல."

"இப்ப தூங்காததுக்குக் காரணம் வேற போல."

"பர்மிட்ல எழுதியிருக்கிறதை மட்டும்தான் செய்யணும். கரையில கிடக்கிற கழிவுக் கல்லை அள்ளி, மேட்டுல போட்டு மூடறது. அவ்வளவுதான். தண்ணியில எதையும் போடக்கூடாது. அதை மீறி நிலைமை மோசமாச்சுன்னா பாதுகாப்பு போயிடும். அப்புறம் அந்த மொத்தச் சுரங்கமும் என் தலையில, டீம்ல இருக்கிற முப்பது குடும்பத்துத் தலையில."

சுரங்கத்துக்குக் கீழே ராண்டி என்பவனின் குதிரைப் பண்ணை. ஓடைத் தண்ணீர் அவன் குளத்துக்குப் போகிறது. போன வியாழக்கிழமை குளத்து மீன்கள் அத்தனையும் செத்து மிதந்தன. தொண்டர்கள் கல்லைக் கிளறி அமிலத்தை அவிழ்த்துவிட்டார்கள் என்று அவன் புகார் கொடுத்துவிட்டான். அதிகாரிகள் வந்து சோதனைக்குத் தண்ணீர் எடுப்பதற்குள் வெள்ளிக்கிழமை மழை பெய்து எல்லாவற்றையும் கழுவிவிட்டது.

"பர்மிட் ஆபீஸ்லேர்ந்து டோனான்னு ஒரு ஆபீசர். இன்னைக்கு சாயங்காலம் வீடியோ கால். என்ன நடந்ததுன்னு நான் சொல்லணும். எனக்குத்தான் ஒண்ணும் தெரியலையே" என்றாள் தாமரைச்செல்வி.

ஹம்சா கார்ச் சாவியை எடுத்தாள்.

*

போகிற வழியில் தாமரைச்செல்வியின் வீட்டில் பூட்ஸ் எடுக்க நிறுத்தினார்கள். தமிழர் வீட்டில் பூட்ஸ் எடுக்க நிறுத்தினால் சாப்பிடாமல் கிளம்ப முடியாது.

வீட்டில் அவள் மாமனார் கோபாலசாமி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திருப்பூரில் முப்பது வருஷம் சாயப்பட்டறை நடத்தியவர். கிரீன் கார்டு வாங்கி மகன் வீட்டோடு வந்துவிட்டார். மகன் ஆபீஸ் வேலையாக ஹூஸ்டன் போயிருந்தான்.

"வாங்க, வாங்க. உக்காருங்க. அம்மிணி, அவங்களுக்குத் தட்டு எடுத்து வையி" என்றார் கோபாலசாமி. ரசம் சாதத்தை ஸ்பூனால் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பாதி ரசம் வழியிலேயே தட்டுக்குத் திரும்பியது.

"அங்கிள் பக்கா அமெரிக்கன் ஆயிட்டார்" என்றான் முகுந்த்.

"பழகிக்கோணுமில்லீங்க."

முகுந்துக்கு அதைச் சொல்ல யோக்கியதை இல்லை. கையால் சாப்பிட்டும் சாம்பாரைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். பாத்ரூமுக்குள் ஓடி, சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தான். மஞ்சள் கறை இப்போது ரத்தச் சிவப்பாக இருந்தது.

"யாரையாவது குத்திட்டு வந்தியா?" என்றாள் ஹம்சா.

"சோப்புதான் பாஸ். எங்கம்மா திட்டுவாங்க, மஞ்சள் கறையில சோப்பு போடாதடான்னு. சொன்ன பேச்சு கேட்டிருந்தா நான் டாக்டர் ஆயிருப்பேன்."

கோபாலசாமி சிரிக்கவில்லை. "மீனு அத்தனையுமா செத்துப்போச்சுங்க?" என்று ஹம்சாவிடம் கேட்டார்.

"அத்தனையும், அங்கிள்."

அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். மோர் சாதம் அப்படியே இருந்தது.

*

சுரங்க வாய் ஒரு லாரி நுழையும் அகலத்துக்கு இருந்தது. இரும்புக் கம்பி வைத்து அடைத்திருந்தார்கள். கம்பிக்குள்ளிருந்து தண்ணீர் கசிந்து ஒரு சின்னக் குட்டையில் தேங்கி, அங்கிருந்து ஓடையாக இறங்கியது. தொண்டர்கள் அடுக்கிய கல்மேடு ஒரு பக்கம் ஒழுங்காக இருந்தது.

"இது என்ன?" என்றாள் ஹம்சா.

குட்டைக் கரையில், நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறைக்கு அடியில், காலி யோகர்ட் டப்பா ஒன்று கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் யோகர்ட் டப்பாவைத் தூக்கிப்போடாத ஒரே இனம் எது என்று சொல்ல வேண்டியதில்லை.

தாமரைச்செல்விக்கு வெட்கமாகப் போய்விட்டது. "பிள்ளையார். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பூஜை போட்டோம். மாமாதான் மஞ்சள்ல பிடிச்சுக் குடுத்தார். பூஜை முடிஞ்சு தண்ணியில கரைக்கணும் இல்லையா? தண்ணியில எதையும் போடக்கூடாதுன்னு பர்மிட்ல இருக்கே. அதான் மழையில நனையாம மூடி வெச்சேன். அடுத்த வாரம் வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்னு."

"மஞ்சளுக்குமா பர்மிட்?" என்றான் முகுந்த்.

"எதையும்னா எதையும்தான்."

ஹம்சா டப்பாவைத் தூக்கினாள். உள்ளங்கை உயரத்துக்கு மஞ்சள் பிள்ளையார், வாடிய அருகம்புல்லோடு உட்கார்ந்திருந்தார். காலடியில் மட்டும் சிவப்பாக இருந்தது.

"குங்குமம்" என்றான் முகுந்த்.

"குங்குமத்தை நெத்தியில வைப்பாங்க. நெத்தியில வெச்சது அங்கேயே இருக்கு, பாரு. காலுக்கு யாரு வைப்பா?"

அவள் பிள்ளையாரைப் பார்த்தாள். பிறகு முகுந்தின் சட்டையைப் பார்த்தாள்.

"முகுந்த், சட்டையைக் கழட்டு."

"பாஸ், கிளையன்ட் இருக்காங்க."

"கழட்டுடா."

தண்ணீர் பாட்டிலைக் காலி செய்து, அதில் குட்டைத் தண்ணீரை மொண்டு எடுத்தாள். தள்ளிப் போய், கறைபட்ட இடத்தின் கீழ் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்துக்கொண்டு மேலே ஊற்றினாள். சிவப்பு மங்கியது. கொஞ்ச நேரத்தில் கறை பழையபடி சாம்பார் மஞ்சளுக்குத் திரும்பியது.

"அமிலம் பட்டா மஞ்சள் மஞ்சளாவே இருக்கும். சோப்பு, சுண்ணாம்பு மாதிரி காரம் பட்டாத்தான் சிவக்கும்" என்றாள் ஹம்சா. "ஆரத்தி கரைக்கிற எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பிள்ளையார் கால் சிவந்திருக்குன்னா, இங்க யாரோ சுண்ணாம்பு கொண்டு வந்திருக்காங்க. அதை மழை கழுவிட்டுப் போயிடுச்சு, இப்ப குட்டையில மறுபடி அமிலம்தான். மீனைக் கொன்னது சுரங்கத்து அமிலம் இல்லை. உங்க டீம் எதையும் அவிழ்த்து விடலை."

தாமரைச்செல்வி அப்படியே கல்மேட்டில் உட்கார்ந்துவிட்டாள். பல நாளுக்குப் பிறகு மூச்சு விடுகிறவள் போல இருந்தது அவள் முகம்.

முகுந்த் ஈரச் சட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தான். "இதைத் திரும்பப் போட்டுக்கலாமா?"

"அதுல பாதரசம் இருக்கு. பையில போட்டுக் கட்டு."

*

கீழே பண்ணையில் ராண்டி ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாகச் சிமென்ட் தளம் போட்ட குதிரைக் கொட்டகை பளபளத்தது.

"பாஸ்" என்று கிசுகிசுத்தான் முகுந்த். அவன் இப்போது தாமரைச்செல்வியின் மழைக் கோட்டைப் போட்டிருந்தான். அதில் பூப்போட்டிருந்தது. "சிமென்ட் கழுவின தண்ணியும் காரம்தானே? இவனே குளத்துல கொட்டிட்டு நம்ம மேல பழி போடறான். கேஸ் முடிஞ்சுது. ஃப்ரீவேல ட்ராஃபிக் ஆகறதுக்குள்ள போயிடலாம்."

ராண்டி வேலிக்கு அருகே வந்தான். கோபமாகப் பேசுவான் என்று எதிர்பார்த்தார்கள். அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தன் மகள் ஒவ்வொரு மீனுக்கும் பெயர் வைத்திருந்தாள் என்று சொன்னான். அன்றிலிருந்து குளத்துப் பக்கமே வர மாட்டேன் என்கிறாளாம்.

"சுரங்கத்தை யாராவது சுத்தம் செய்ய வேண்டும் என்று கேட்டு மனுப் போட்டவர்களில் நானும் ஒருவன்" என்றான். "எனக்கு இது வேண்டாம். என்ன நடந்தது என்று மட்டும் தெரிய வேண்டும்."

காருக்குத் திரும்பும்போது முகுந்த், "நல்ல நடிப்பு" என்றான்.

"தண்ணி மேலேர்ந்து கீழ ஓடுது, முகுந்த். இவன் கொட்டகை கீழ இருக்கு. சுண்ணாம்பு பட்டது மேல இருக்கிற பிள்ளையார் மேல."

"ராத்திரி மேல போய்க் கொட்டியிருப்பான்."

"சரி. கொட்டினான். அப்புறம் யோகர்ட் டப்பாவைத் தூக்கிப் பார்த்தான். பார்த்துட்டு என்ன பண்ணான்?" ஹம்சா தன் ஃபோனில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி அவன் முன்னால் நீட்டினாள். சிவப்பு சிந்தின மாதிரி இல்லை. பக்கத்தில் பக்கத்தில் மூன்று சின்னத் தீற்றல்கள். விரல் நுனி அகலம்.

முகுந்த் படத்தையே பார்த்தான். "காலைத் தொட்டுக் கும்பிட்டிருக்காங்க."

"ஈரக் கையோட. கையெல்லாம் சுண்ணாம்போட. கெடுக்க வந்தவன் அதைச் செய்ய மாட்டான். நல்லபடியா முடியணும்னு வேண்டிக்கிட்டு ஒருத்தர் செஞ்சிருக்கார். சுண்ணாம்பு கையில பட்டா என்ன ஆகும்?"

"தோல் வெந்துடும். ரசம் சாதம்கூடக் கையால..." என்று ஆரம்பித்த முகுந்த் நிறுத்திக்கொண்டான். முன்னால் தாமரைச்செல்வி கார்க் கதவைத் திறந்தபடி, யாருக்கோ ஃபோனில், "நாம தப்பிச்சோம், நாம தப்பிச்சோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹம்சாவுக்கு இந்தத் தொழிலே பிடிக்காமல் போகிற நேரங்கள் உண்டு. இது அதில் ஒன்று.

*

வீட்டில் தாமரைச்செல்வி லேப்டாப்பை டைனிங் டேபிளில் வைத்து, தலையை வாரிக்கொண்டு உட்கார்ந்தாள். வீடியோ காலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது.

"அங்கிள், கையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றாள் ஹம்சா.

கோபாலசாமி மறைக்கப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் டேபிள் மேல் வைத்தார். விரல் நுனிகளில் தோல் உரிந்து, தேங்காய் எண்ணெய் பளபளத்தது.

"மாமா! இதென்னங்க மாமா?" என்றாள் தாமரைச்செல்வி.

"சுண்ணாம்பு, கண்ணு."

அவர் நிதானமாகச் சொன்னார். புதன்கிழமை, கோயிலுக்குப் போகிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வழியில் ஹார்டுவேர் கடையில் சுண்ணாம்பு மூட்டைகள். குட்டையில் கொட்டிக் கலக்கியிருக்கிறார்.

"எங்க பட்டறையில கழிவுத் தண்ணிக்கு அதைத்தானுங்க போடுவோம். புளிப்பு போயித் தெளிஞ்சு நிக்கும். அம்மிணி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கல்லுச் சுமந்துட்டு வந்து முதுகு வலியில படுக்குது. தண்ணிக்குத் தனியா பர்மிட் வாங்க ரெண்டு மூணு வருசம் ஆகும்னுது. சுண்ணாம்பு போட்டா ஒரு மத்தியானத்து வேலை. செஞ்சு வெச்சுட்டு, சனிக்கிழமை வந்து பாக்கட்டும், சந்தோசப்படட்டும்னு நெனச்சேன்." உரிந்த விரல்களைப் பார்த்தார். "தெளிஞ்சுதுங்க. போட்ட உடனே நல்லாத் தெளிஞ்சுது. ஆனா எங்க பட்டறைத் தொட்டிக் கணக்குல போட்டுட்டேன். இது சின்னக் குட்டை, காரம் மிஞ்சிப் போச்சுங்க. சாமியைக் கும்பிட்டுட்டு வந்துட்டேன்."

செய்த தப்பு பெரிது, செய்த மனசு அதைவிடப் பெரிது. அதை எந்த ஆபீஸில் போய்ச் சொல்வது என்றுதான் ஹம்சாவுக்குத் தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க மாமா."

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

தாமரைச்செல்வி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சரி. டோனாகிட்ட நான் பேசிக்கிறேன். எங்க டீம்ல ஒருத்தர், தெரியாம பண்ணிட்டார்னு சொல்லிடறேன். முதல் தப்பு. மன்னிச்சு விடுவாங்க."

"மன்னிக்கலைன்னா?" என்றாள் ஹம்சா. "டீம்ல ஒருத்தர்னு சொன்னா அது பர்மிட்டை மீறின மாதிரி. முப்பது குடும்பம். நீதானே சொன்னே?"

"அப்ப என்ன சொல்லணும்ங்கறே? யாரோ வெளி ஆள்னா?"

"உண்மையைக் கேட்கிறேன். அங்கிள் உங்க டீம்ல சேர்ந்திருக்காரா?"

பதிலைக் கோபாலசாமியே சொன்னார்.

"சேரலைங்க. கூப்பிட்டாங்க. கல்லுப் பொறுக்கறதுக்கு வீடியோ பாக்கோணும், பரீட்சை எழுதோணும்னாங்க. இத்தனை வயசுக்கு மேல பரீட்சையான்னு வேண்டாம்னுட்டேன். பூசைக்கு மட்டும் போனேன்."

முகுந்த் கூகுளைத் தட்டிக்கொண்டிருந்தான். அவன் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. "பாஸ், வெளி ஆள்னா டீமுக்குப் பாதுகாப்பு இருக்கும் போலிருக்கு. ஆனா அவருக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பழைய சட்டம் அப்படியே அவர் மேல வரும். கேஸ், அபராதம். கிரீன் கார்டு வேற."

"அப்ப நான் சொல்ல மாட்டேன்" என்றாள் தாமரைச்செல்வி. "அவர் என் டீம்தான். பேப்பர் வேலை பாக்கியிருந்துதுன்னு சொல்லுவேன். சுரங்கம் என் தலையில விழட்டும். எனக்கு உடம்பு சரியில்லாதப்ப எனக்குக் கஞ்சி வெச்சுக் குடுத்தவர், ஹம்சா."

லேப்டாப் மணியடித்தது.

திரையில் டோனா வந்தாள். நரைத்த தலை, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, நியாயமான முகம். மீன் விஷயம் தெரிந்ததா என்று கேட்டாள். ஹம்சா சுண்ணாம்பு என்று சொன்னாள். அந்தப் படத்தையும் காட்டினாள். டோனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள். சுண்ணாம்பு போட்டது யார் என்று தெரியுமா எனக் கேட்டாள்.

"தெரியும்" என்றாள் தாமரைச்செல்வி ஆங்கிலத்தில். "அவர் என்..."

"மிஸ் தாமரை, பதில் சொல்வதற்கு முன் ஒன்று. இது மிக முக்கியம்" என்றாள் டோனா. "அவர் உங்கள் தொண்டர்களில் ஒருவரா?"

அவள் பதில் சொல்வதற்குள் கோபாலசாமி நாற்காலியை நகர்த்தினார். திரைக்குள் அவர் முகம் வந்தது. வெந்த கையை உயர்த்தி வணக்கம் சொன்னார்.

"குட் ஈவினிங் மேடம். ஐ புட் லைம். மீ ஒன்லி. ஐ நாட் வாலன்டியர் மேடம். ஐ ஒன்லி ஃபேமிலி."

டோனா அவருடைய பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டு எழுதிக்கொண்டாள். அவருக்கு உடனே ஒரு வக்கீல் வேண்டும் என்றாள். பிறகு, "மிஸ் தாமரை, இவர் சொல்வது சரியா? உங்கள் குழுவுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லையா?" என்றாள்.

தாமரைச்செல்வி மாமனாரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டேபிளுக்கு அடியில் அவள் கையை அவருடைய எண்ணெய்க் கை பிடித்திருந்தது ஹம்சாவுக்குத் தெரிந்தது. பிடி இறுகியது.

"ஆமாம்" என்றாள் தாமரைச்செல்வி. "இவர் எங்க ஆள் இல்லை."

வீடியோ கால் முடிந்து திரை கறுத்தது. முப்பது குடும்பங்கள் தப்பித்தன. அவள் டேபிளில் தலை கவிழ்ந்து அழ ஆரம்பித்தாள்.

"சரியாத்தான் சொன்னே, கண்ணு" என்றார் கோபாலசாமி.